பொலனேஸுக்குள் ஒளித்து வைத்த சோயா

வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு 41 வயது, கணவருக்கு 46. மகளுக்கு 14, மகனுக்கு 9. கணவரின் தாயாரும் இவர்களோடுதான் இருக்கிறார். 73 வயது, சுத்த சைவம், தைரொயிட் குளிசை எடுப்பவர். போன மாதம் கணவரின் இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 4.1 (லீற்றருக்கு மில்லிமோல்) என்று வந்திருக்கிறது. குடும்ப வைத்தியர், "சிவப்பு இறைச்சியைக் குறையுங்கோ, மூன்று மாதத்தில் திரும்பப் பார்ப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்த வீட்டில் வாரத்துக்கு மூன்று பெட்டி மாட்டிறைச்சி மின்ஸ் (அரைத்த இறைச்சி) முடிகிறது. பெட்டிக்கு 500 கிராம், மலிவான 20 சதவீதக் கொழுப்பு வகை. ஒருநாள் ஸ்பகெற்றி பொலனேஸ், ஒருநாள் கொட்டேஜ் பை, சனிக்கிழமை ரோல்ஸ். சகோதரி ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் பொலனேஸில் மின்ஸுக்குப் பதிலாக சோயாவைப் போட்டிருக்கிறார். மகன் இரண்டு வாய் வைத்துவிட்டு "ரப்பர்" என்று தள்ளிவிட்டான். மகள் குப்பைவாளியில் பைக்கற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து எதை வைத்தாலும் முள்ளுக்கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறாள். கணவர், "மாட்டுக்குப் போடுற புண்ணாக்கை எனக்குப் போடுறாய்" என்றிருக்கிறார். மாமி, "ஆம்பிளைப் பிள்ளைக்குச் சோயா குடுக்காதை, பிறகு ஆம்பிளைத்தன்மை போயிடும்" என்றிருக்கிறார்.

இனி மின்ஸை அடியோடு நிறுத்தவா, மாமி சொல்வது உண்மையா, கடையில் இறைச்சி மாதிரியே விற்கிற விலை கூடிய "தாவர மின்ஸ்" நல்லதா, மாதவிடாய் தொடங்கிவிட்ட மகளுக்கு இரும்புச்சத்து குறைந்துவிடாதா? இவ்வளவும் கேட்டுவிட்டுக் கடைசியில், "இனிமேலும் சொல்லாமல் கலந்தால் பிழையா?" என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நான் உணவியலாளர்தான். உங்கள் கணவரின் முழு மருத்துவ விவரமும் என் கையில் இல்லை. அதனால் கொலஸ்ட்ரோலுக்கு மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் குடும்ப வைத்தியரின் விஷயம். சட்டியில் நடப்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

வீட்டில் உள்ள கெடுதல் எல்லாம் மின்ஸில்தான் இருக்கிறது என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வாரத்துக்கு 1500 கிராம் பச்சை மின்ஸ், வெந்து நீரும் கொழுப்பும் இறங்கிய பிறகு ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் மூன்றில் ஒரு பங்கைக் கணவர் சாப்பிடுகிறார் என்று வைத்தாலும் அவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குள்தான் வரும். இங்கிலாந்தின் அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.இன் ஆலோசனை என்ன? சமைத்த சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் சேர்த்து நாளுக்கு 90 கிராமுக்கு மேல் சாப்பிடுபவர்கள் அதை 70 கிராமாகக் குறைக்க வேண்டும்.

ஆனால் கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். வேலை நாட்களில் கணவருக்கு மத்தியானம் ஹாம் சாண்ட்விச். ஞாயிறு ஆட்டிறைச்சிக் கறி. ஹாம் இரண்டு துண்டு 40 கிராம் என்று ஐந்து நாளுக்குப் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு 150 கிராம் போடுங்கள். மொத்தம் நாளுக்கு 100 கிராமைத் தொட்டுவிடுகிறது. ஹாமை மட்டும் நிறுத்தினாலே 70க்குக் கிட்ட வந்துவிடுகிறார். பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. சாதாரண சிவப்பு இறைச்சியை அதற்கு ஒரு படி கீழே, "உண்டாக்கக்கூடும்" என்ற பிரிவில் வைத்தது. நானென்றால் மின்ஸில் கைவைக்கும் முன் சாண்ட்விச் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பேன்.

இந்த 70 கிராம் எல்லை முக்கியமாகக் குடல் புற்றுநோயை மனதில் வைத்துச் சொன்னது. கொலஸ்ட்ரோலுக்குப் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. 20 சதவீத மின்ஸ் பெட்டி ஒன்றில் 100 கிராம் கொழுப்பு, அதில் 40 கிராமுக்கு மேல் நிறைவுற்றது. 5 சதவீதப் பெட்டியை எடுத்தால் மொத்தக் கொழுப்பே 25 கிராம்தான். ஆண்களுக்கு நாளுக்கு 30 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு போகக்கூடாது, பெண்களுக்கு 20. ஆகவே பெட்டியை மாற்றுவதே பாதி வேலை. விலை கூடத்தான். பாதி இறைச்சி, பாதி சோயா என்று போடும்போது அது சரிக்கட்டிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்க வேண்டாம். நம் வீடுகளில் "இறைச்சியை விட்டுட்டம், சோயாமீற்தான் சமைக்கிறம்" என்பார்கள். சட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு ரின் தேங்காய்ப்பால் முழுவதும் அதற்குள் இருக்கும். 400 மில்லிலீற்றர் கெட்டிப்பால் ரின்னில் 50 கிராமளவு நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது, சிலவற்றில் அதற்கும் மேல். நீங்கள் மிச்சம் பிடித்த மின்ஸ் பெட்டியை விட அது அதிகம். சோயா குழம்பை உறிஞ்சும் பண்டம் வேறு. விட்ட பால் எல்லாம் அதற்குள்ளேதான் போகும். கெட்டிப்பாலைக் கால்வாசி ஆக்கி, மிச்சத்துக்குச் சாதாரணப் பசுப்பாலையோ தண்ணீரையோ விடுங்கள்.

மாமியின் பயமும் கணவரின் கேலியும்

மாமி சொல்வது புதிதாக முளைத்த பயம் இல்லை. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருட்கள் இருக்கின்றன. அமைப்பில் அவை பெண் ஹோர்மோனாகிய ஈஸ்ட்ரஜனைக் கொஞ்சம் ஒத்தவை. கதை அங்கிருந்துதான் தொடங்கியது. ஆண்களிடம் நடத்திய பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2010இலும், இன்னும் பெரிய அளவில் 2021இலும் பார்த்தார்கள். சோயா சாப்பிட்டதால் ஆண் ஹோர்மோனின் அளவு குறையவில்லை. மார்பு வீங்கிய ஒரு மனிதரைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 2008இல் வந்தது உண்மைதான். அவர் தினமும் ஏறக்குறைய 3 லீற்றர் சோயாப்பால் குடித்தவர். உங்கள் மகன் வாரத்துக்கு இரண்டு தட்டில் நாலு கரண்டி சாப்பிடப் போகிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மாமியிடம் இதை வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். சைவக்காரரான அவரே எத்தனை வருடம் சோயாமீற் கறி வைத்திருப்பார் என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கறியைச் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே உங்கள் கணவர்!

கணவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் புள்ளி கொடுத்துவிடலாம். சோயாமீற் என்பது, சோயா அவரையிலிருந்து எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவைத் தண்ணீரோடு சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரு துவாரத்தால் தள்ளி எடுப்பது. வெளியே வரும்போது பஞ்சு போல் பொங்கிவிடும். எண்ணெய் எடுத்த மிச்சம் மாட்டுக்கும் போகிறது, மனிதர் சாப்பிடும் தரத்தில் தயாரித்தது நமக்கும் வருகிறது. மாடு சோயாவைத் தின்று, அந்த மாட்டைத் தான் தின்றால் பரவாயில்லை என்கிறார் உங்கள் கணவர்! உலர்ந்த சோயா 100 கிராமில் 50 கிராமளவு புரதம். ஊறினால் அது 300 கிராம் ஆகிவிடும். 250 கிராம் பச்சை மின்ஸில் உள்ள புரதத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை.

ஆனால் சோயாவை மருந்தாக நினைக்காதீர்கள். நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் சாப்பிட்டாலும் எல்.டி.எல். 3, 4 சதவீதம்தான் இறங்குகிறது. 4.1 என்பது 4க்குச் சற்றுக் கீழே போகும், அவ்வளவே. கொழுப்பான இறைச்சி இருந்த இடத்தை அது பிடித்துக்கொள்வதுதான் உண்மையான இலாபம்.

எந்தப் பைக்கற்

இந்தியக் கடைகளில் தூள் போலச் சிறிய குறுணலாக உலர்ந்த சோயா கிடைக்கும். மீல் மேக்கர் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். பெரிய உருண்டையைக் கொடுத்தால் வேண்டாம், குறுணல் என்று சொல்லுங்கள். என் முதல் தெரிவு இதுதான். மலிவு, அலுமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும், உப்புச் சேர்க்காதது.

குவோர்ன் என்ற பெயரில் கடைகளில் விற்கிற மின்ஸ் சோயா இல்லை. பலர் நினைப்பது போல் காளானும் இல்லை. மண்ணில் வாழும் ஒரு வகைப் பூஞ்சணத்தைத் தொட்டியில் புளிக்க வைத்து வளர்த்து எடுப்பது. இங்கிலாந்தில் 1985இல் விற்பனைக்கு வந்தது. நார்ச்சத்து நன்றாக உண்டு, கொழுப்புக் குறைவு. ஆனால் பல குவோர்ன் பண்டங்களை முட்டை வெள்ளைக்கருவால்தான் பிணைக்கிறார்கள். முட்டை தொடாத மாமிக்கு அதைச் "சைவம்" என்று நினைத்துப் பரிமாறிவிடாதீர்கள். வீகன் என்று போட்டிருப்பதை எடுங்கள்.

இறைச்சி மாதிரியே சிவந்து, பொரிகிற அந்த விலை கூடிய வகையை நான் விஷம் என்று சொல்லமாட்டேன். 2020இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை எட்டு வாரம் இறைச்சியும், எட்டு வாரம் இந்த வகைத் தாவர இறைச்சியும் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். தாவர வகையில் எல்.டி.எல். ஏறக்குறைய 0.3 குறைவாக இருந்தது. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சிலவற்றில் தேங்காயெண்ணெய் இருக்கும், உப்பும் தாராளமாக இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: 100 கிராமுக்கு நிறைவுற்ற கொழுப்பு 5 கிராமுக்கு மேலோ, உப்பு 1.5 கிராமுக்கு மேலோ இருந்தால் திரும்ப இராக்கையிலேயே வைத்துவிடுங்கள். உங்கள் மகனின் வயதுக்கு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராம்தான்.

ரப்பர் ஏன் ரப்பரானது

உங்கள் கடிதத்தில் ஒரு வரி: "மின்ஸ் போடுற மாதிரியே நேரே தக்காளிச் சோஸுக்குள் கொட்டினேன்." பிழை அங்கேதான். மின்ஸ் தன் கொழுப்பில் தானே பொரியும். அந்தப் பொரிந்த மணம்தான் பொலனேஸின் ருசி. சோயாவிடம் கொழுப்பும் இல்லை, சொந்த ருசியும் இல்லை. நேரே குழம்பில் போட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஞ்சாய்க் கிடக்கும், கூடவே ஒரு பச்சை அவரை வாசமும் அடிக்கும்.

75 கிராம் குறுணலைக் கொதிநீரில் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழியுங்கள். சொட்டு நிற்கும்வரை பிழிய வேண்டும். அவரை வாசத்தில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். அகன்ற சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி கனோலா எண்ணெய் விட்டுச் சூடானதும் பரப்பிப் போட்டு, நாலு நிமிடம் கிளறாமல் விடுங்கள். இந்த நாலு நிமிடம்தான் எல்லோருக்கும் பொறுக்காது. அடிப்பக்கம் மண்ணிறமாகி, விளிம்பு மொறுகத் தொடங்கியதும் பிரட்டி, ஒரு தேக்கரண்டி மார்மைற்றை (ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுத்தப் பசை) சுடுநீரில் கரைத்து ஊற்றுங்கள். சர்ரென்று உறிஞ்சிவிடும். இறைச்சி மணத்துக்கு நான் கண்ட குறுக்குவழி மார்மைற்தான். அதில் உப்பு இருப்பதால் சோஸுக்கு உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சட்டியில் 250 கிராம் 5 சதவீத மின்ஸை வழக்கம் போல வதக்கி, பொடியாக நறுக்கிய காளானும் சேர்த்து, அப்புறம் இரண்டையும் தக்காளிச் சோஸில் ஒன்றாக்கி அரை மணித்தியாலம் மெதுவாகக் கொதிக்க விடுங்கள். பாதிக்குப் பாதி. இப்போதைக்கு அதற்கு மேல் போக வேண்டாம்.

கொட்டேஜ் பைக்குச் சோயாவை விட ரின்னில் வரும் பச்சை நிற லென்ரில்ஸ் பருப்பு பொருந்தும். மேலே மசித்த உருளைக்கிழங்கு வருவதால் மென்மை உறுத்தாது. பர்கர், மீற்போல் போன்றவற்றுக்கு இந்தக் குறுணல் சரிவராது. ஒட்டிப் பிடிக்கும் தன்மை இல்லாததால் உதிர்ந்துவிடும். அவை சாப்பிட ஆசை வந்த நாளில் நல்ல மின்ஸிலேயே செய்துவிடுங்கள்.

மகளின் இரும்புச்சத்து

11 முதல் 18 வயதுப் பெண்களுக்கு நாளுக்கு 14.8 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இங்குள்ள கணக்கு. உங்கள் கணவருக்கு வேண்டியது 8.7தான். இந்த வீட்டில் மாட்டிறைச்சி அதிகம் தேவைப்படுகிறவர் அதிகம் சாப்பிடுகிறவர் இல்லை! இறைச்சியிலுள்ள இரும்பு உடம்பில் இலகுவாகச் சேரும், சோயா, பருப்பில் உள்ளது குறைவாகத்தான் சேரும். அதனால்தான் பாதிக்குப் பாதி என்கிறேன். வைட்டமின் சி கூட இருந்தால் தாவர இரும்பும் நன்றாகச் சேரும். கறியை இறக்கிய பிறகு தேசிக்காய் பிழிகிற நம் பழக்கம் இதற்கு மிக நல்லது. அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் வைட்டமினில் ஒரு பகுதி போய்விடும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்பைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

மகளுக்குக் களைப்பு, மூச்சு வாங்குதல், அதிக இரத்தப்போக்கு இருந்தால் குடும்ப வைத்தியரிடம் ஃபெரிட்டின் பரிசோதனை (உடம்பில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது) கேளுங்கள். பார்க்காமல் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். பி12 தாவரங்களில் இயல்பாகக் கிடையாது. மீன், முட்டை, பால் சாப்பிடும் உங்கள் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. மாமிக்குத்தான் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

மாமியின் தைரொயிட் குளிசை பற்றியும் ஒரு வார்த்தை. சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கக்கூடும். காலையில் வெறும் வயிற்றில் குளிசை, மத்தியானமோ இரவோ சோயா என்று இடைவெளி இருந்தால் போதும். காலைச் சாப்பாட்டில் சோயாப்பால் வேண்டாம். வீட்டில் சோயா கூடப் போகிறது என்று அடுத்த பரிசோதனையின்போது வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒளிப்பது பற்றி

பிழைதான், சகோதரி. உங்கள் எண்ணம் பிழை என்று சொல்லவில்லை. சோயா ஒவ்வாமை தரக்கூடிய உணவு. உணவுப் பொதிகளில் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டிய 14 பொருட்களில் அதுவும் ஒன்று. குவோர்ன் சாப்பிட்டும் சிலருக்கு ஒவ்வாமை வந்திருக்கிறது. பிள்ளைக்கு உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், என்ன சாப்பிட்டான் என்று அந்த வீட்டில் உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் நடந்தால்? அப்படி நடந்தால் அவசர உதவிக்கான 999க்கு அழைக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

14 வயதுப் பிள்ளை தட்டைக் கிளறிப் பார்த்துச் சாப்பிடுவதை நான் சின்ன விஷயமாக எடுக்கமாட்டேன். அந்த வயதில் சாப்பாட்டில் சந்தேகம் விழுவது நல்லதல்ல. அவளைக் கூப்பிட்டு, "அப்பாவின்ர கொலஸ்ட்ரோலுக்காகச் செய்தனான், சொல்லாமல் செய்தது பிழை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அடுத்த முறை சோயாவைப் பொரிக்கும் வேலையை அவளிடம் கொடுங்கள். கிளறுகிற கை அவளுடையதாகவே இருக்கட்டும்.

முழுச் சோயாவில் செய்ய ஏற்ற பண்டம் ஒன்று உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது: சனிக்கிழமை ரோல்ஸ். அவித்த உருளைக்கிழங்கு, லீக்ஸ், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், வறுத்த கறித்தூள் எல்லாம் சேரும்போது மின்ஸின் வேலை வெறும் கடிபதம்தான். அதைச் சோயா தாராளமாகச் செய்யும். முட்டையில் தோய்க்காமல் மாக்கரைசலில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டி, எண்ணெய் தடவி ஏர் ஃபிரையரில் வைத்தால் கணவருக்கும் ஆகும். இந்த வீட்டில் மாமிக்கு என்று எப்போதும் வேறு சட்டி, வேறு தட்டு என்று எழுதியிருந்தீர்கள். இந்த ரோல்ஸை அவரும் சாப்பிடலாம். இந்தச் சனிக்கிழமை உள்ளீட்டுக்கு உப்பும் தூளும் அவரையே போடச் சொல்லுங்கள். சோயாமீற்றுக்கு எவ்வளவு தூள் பிடிக்கும் என்று உங்களையும் என்னையும் விட அவருக்குத்தான் தெரியும்.